மூடிய அறைக்குள் இரண்டு தொன் வாழைக்காய்: ஒரு நிகழ்வு ஆய்வு

வாழைக்காயைப் பழமாக்குவது வாயு என்பது யாழ்ப்பாணத்து வியாபாரிகள் எல்லோருக்கும் தெரியும். எந்த வாயுவை உள்ளே விடலாம், எதை விடக்கூடாது என்பதிலும் இப்போது ஓரளவு தெளிவு வந்திருக்கிறது. உள்ளே சேரும் எந்த வாயுவை வெளியே விடவேண்டும் என்பதைத்தான் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. நீர்வேலிப் பக்கத்துத் தோட்டங்களில் குலை வாங்கிச் சந்தைக்கும் கடைகளுக்கும் கொடுக்கும் ஒரு மொத்த வியாபாரி, அந்த ஒன்று தெரியாததால் நல்லூர்த் திருவிழாக் காலத்தில் பெரும் நட்டப்பட்டார். பல வருடம் காபைட் (கல்சியம் காபைட்டு என்ற கல்) போட்டுப் பழுக்கவைத்தவர், அதை விட்டுவிட்டு முறையான வழிக்கு மாறிய முதல் பருவம் அது. சரியானதைச் செய்ய வந்தவர் தோற்றுப் பழைய வழிக்கே திரும்பிப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் இந்த நிகழ்வைக் கணக்கு வழக்கோடு விரிவாக எழுதுகிறேன். அவருடைய பெயரும் கடையும் இங்கே தேவையில்லை.

பழைய முறை

முன்பெல்லாம் இங்கே குலையைப் புகை போட்டுப் பழுக்கவைத்தார்கள். கிடங்கு வெட்டி, அடியில் வாழைச்சருகு பரப்பி, குலைகளை அடுக்கி, மேலே சருகும் மண்ணும் போட்டு மூடுவார்கள். ஓரத்தில் விட்ட துவாரம் வழியாகப் பொச்சுமட்டைப் புகையை ஊதி உள்ளே செலுத்தித் துவாரத்தையும் அடைத்துவிடுவார்கள். மறுநாள் கிடங்கைத் திறந்து குலைகளை எடுத்து நிழலில் தொங்கவிட்டால், அடுத்த ஓரிரு நாளில் மஞ்சள் ஏறும். இன்றும் வீட்டுத் தேவைக்கு இப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள்.

காபைட் வந்தபிறகு கிடங்கு வெட்டும் வேலை இல்லாமல் போயிற்று. ஒட்டு வேலை செய்யும் பட்டறைகளில் கிடைக்கும் அதே கல்தான். கடதாசியில் பொதிந்து குலைகளுக்கிடையே செருகி, மேலே படங்கால் மூடிவிட்டால் போதும். காயிலிருந்து வரும் ஈரமே கல்லைக் கரைத்து அசற்றலீன் வாயுவை எழுப்பும். நம் வியாபாரியும் கடையின் பின்விறாந்தையில் இப்படித்தான் செய்துவந்தார். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் காபைட்டைத் தேடிப்பிடிக்கத் தொடங்கிய பிறகும் பலர் ஒளித்து வைத்துச் செய்தார்கள். இவர் ஒளிக்கவில்லை, விட்டேவிட்டார். பேரப்பிள்ளைகள் சாப்பிடும் பழத்துக்கு அந்தக் கல்லைப் போட மனம் ஒப்பவில்லை என்றார்.

விட்டது சரியான முடிவு. கடையில் விற்கும் கல்சியம் காபைட்டு தூயதல்ல. அதில் பொசுபரசும் ஆசனிக்கும் சிறிய அளவில் கலந்திருக்கும். ஈரம் பட்டதும் அசற்றலீனோடு பொஸ்பீன், ஆர்சீன் ஆகிய நச்சு வாயுக்களும் எழும். காபைட்டுக்கு உரியதென்று நாம் நினைக்கும் அந்த வெள்ளைப்பூண்டு நாற்றம் உண்மையில் இந்த அசுத்தங்களின் நாற்றம்தான். அசற்றலீன் தூயதாக இருந்தால் அப்படி மணக்காது. பழம் தின்பவரைவிட அதிக ஆபத்து, கல்லை வெறுங்கையால் பொதிந்து, மூடிய குவியலைத் திறந்து முகத்தை நீட்டும் தொழிலாளிக்குத்தான்.

புதிய அறை

பின்விறாந்தையின் ஒரு மூலையைச் சீமெந்துக் கல்லால் அடைத்துப் பத்தடிக்குப் பத்தடி அறை ஒன்று கட்டினார். உயரம் எட்டடி, மேலே தகரக்கூரை, அதன் கீழே பொலித்தீன் விரித்த உட்கூரை. கதவு ஓரங்களுக்கு றப்பர் பட்டி. வாயு ஒரு துளியும் வெளியே போகக்கூடாது என்பதில் அவர் காட்டிய கவனம் எனக்கு வியப்பாகவே இருந்தது. எதொபோன் என்ற திரவத்தை வாங்கி, வாளித் தண்ணீரில் ஊற்றி, கொஞ்சம் எரிசோடா போட்டு அறைக்குள் வைத்தார். காரம் பட்டதும் எதொபோன் சிதைந்து எதிலீன் வாயுவாக எழும். இது காய் தானே உண்டாக்கும் அதே வாயு. பல நாடுகளில் அனுமதிக்கப்பட்ட, நூல்களில் எழுதப்பட்ட முறை.

முதல் இரண்டு தடவை கொஞ்சக் குலைகள் போட்டுப் பார்த்தார், நன்றாகவே வந்தது. திருவிழா நெருங்கியதும் அறையை நிரப்பினார். கதலி, கப்பல், இதரை என்ற வாழை இனங்கள் கலந்து ஏறத்தாழ இரண்டு தொன். கதவைப் பூட்டி, நிறம் வரும்வரை திறப்பதில்லை என்று இருந்துவிட்டார். இரண்டு இரவு கழித்துத் திறந்தபோது கதவோரக் குலைகள் அழகாக மஞ்சள் ஏறியிருந்தன. நடுவில் இருந்தவற்றின் தோல் மங்கிய பச்சை. காய்தான் போலிருக்கிறது என்று இன்னொரு நாள் பூட்டிவைத்தார். மறுபடி திறந்தபோதும் பச்சை பெரிதாக மாறவில்லை. ஆனால் கையில் எடுத்தால் உள்ளே களி போலக் குழைந்திருந்தது. சீப்பைத் தூக்கியதும் பழங்கள் காம்போடு கழன்று விழுந்தன. கோயிலுக்கும் வீட்டுக்கும் வாங்க வருபவர் அந்தப் பழத்தை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். ஒரு பகுதி மாட்டுக்குப் போயிற்று.

"தம்பி, காபைட் போட்ட காலத்தில ஒரு குலை இப்பிடிப் பழுதாப் போனதில்லை. நல்லதைச் செய்யப்போய் நட்டப்பட்டு நிக்கிறன்" என்றார் என்னிடம். அறுவடைக்குப் பிந்திய தொழில்நுட்பம் படித்தவன் என்பதால் என்னைக் கூப்பிட்டிருந்தார். "மருந்து கூடிப்போச்சோ, குறைஞ்சுபோச்சோ?" என்பதுதான் அவருடைய கேள்வி.

மருந்து குற்றவாளி அல்ல

கேள்விக்கு நேரே விடை தேடினேன். பத்தடி, பத்தடி, எட்டடி என்றால் 800 கன அடி, அதாவது கிட்டத்தட்ட 22.6 கன மீற்றர். இரண்டு தொன் வாழைக்காய் இரண்டு கன மீற்றர் இடத்தைப் பிடிக்கும். மிச்சம் 20 கன மீற்றர் காற்று, லீற்றரில் 20,000. வாழையைப் பழுக்கத் தூண்ட வழமையாகப் பரிந்துரைக்கும் எதிலீன் அளவு பத்து இலட்சம் பங்கு காற்றில் 100 பங்கு. 20,000 லீற்றர் காற்றுக்கு அது வெறும் 2 லீற்றர் வாயு. 144.5 கிராம் எதொபோன் 30 பாகைச் சூட்டில் ஏறத்தாழ 25 லீற்றர் எதிலீன் தரும் என்பதால், இரண்டு லீற்றருக்கு 11.6 கிராம் எதொபோன் போதும். லீற்றருக்கு 480 கிராம் செறிவுள்ள போத்தலில் இது 24 மில்லிலீற்றர். இரண்டு மேசைக்கரண்டி கூட வராது. அவர் போத்தலில் பாதியை ஊற்றியிருந்தார்.

ஆக, குறையவில்லை, பல மடங்கு கூடியிருந்தது. ஆனால் கூடியதால் இந்தக் கேடு வராது. எதிலீன் ஒரு அளவைத் தாண்டினால் வாழைக்காய் அதைவிட வேகமாகப் பழுப்பதும் இல்லை, பழுக்காமல் நிற்பதும் இல்லை. பத்து இலட்சத்தில் பத்துப் பங்கு அளவிலேயே காய் முழுமையாகத் தூண்டப்பட்டுவிடுகிறது. 100 என்பது கசிவுக்கும் கலக்காத மூலைகளுக்கும் சேர்த்துத் தாராளமாக வைத்த அளவு. கூட ஊற்றியது காசு வீண், அவ்வளவுதான்.

துப்பு வேறு இடத்தில் கிடைத்தது. அறையில் குலை ஏற்றி இறக்கும் பெடியன் ஒருவன் பேச்சுவாக்கில் சொன்னான்: "கதவைத் திறந்து உள்ள போனா தலை பாரமா இருக்கும், அண்ணை. மூச்சு வாங்கும். கொஞ்சம் வெளிய நிண்டா சரியாகிடும்." மருந்து நெடி என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள். இந்த அளவு எதிலீனுக்குத் தலை பாரிக்காது, மூச்சும் வாங்காது. தலையிடி, மூச்சு வாங்குதல், வெளியே வந்ததும் தெளிதல் மூன்றும் ஒன்றாக வந்தால் காபனீரொட்சைட்டைத்தான் முதலில் சந்தேகிக்கவேண்டும்.

சுண்ணாம்பு நீர்

அளக்கும் கருவி கொண்டுவர முன்னரே வியாபாரிக்குக் கண்ணால் காட்டவேண்டும் என்று தோன்றியது. அவர் கடையிலேயே வெற்றிலைச் சுண்ணாம்பு இருந்தது. ஒரு போத்தல் தண்ணீரில் அதைக் கரைத்து, இரவு முழுக்க அடைய விட்டு, மேலே தெளிந்த நீரை மட்டும் இறுத்து இரண்டு கண்ணாடிக் குவளைகளில் ஊற்றினோம். மீன்தொட்டிக்குக் காற்றூதும் சின்னப் பம்பு ஒன்றின் உறிஞ்சும் பக்கத்தில் நீண்ட குழாய் பொருத்தி, அதன் நுனியைக் கதவிடுக்கு வழியே அறைக்குள் விட்டோம். பம்பை வெளியே, கதவுக்கு எட்ட வைத்தே இயக்கினோம். எதிலீன் நிற்கும் அறைக்குள் மின்பொறி பறக்கும் எதையும் கொண்டுபோகக்கூடாது.

முதல் குவளையில் வெளிக்காற்றை ஊதினோம். குமிழி குமிழியாக வந்தது, நீர் தெளிவாகவே நின்றது. இரண்டாவது குவளையில் அறைக்காற்றை ஊதியதும் நீரின் அடியில் ஒரு மங்கல் தோன்றி, மேலே ஏறி, பார்த்துக்கொண்டிருக்கையிலேயே குவளை முழுக்கப் பால்வெள்ளையாகிவிட்டது. வியாபாரி குவளையைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். "இது முழுக்கக் குலை விட்ட மூச்சோ?" என்றார். ஓம், முழுக்கக் குலை விட்ட மூச்சு. சுண்ணாம்பு நீரிலுள்ள கல்சியம் ஐதரொட்சைட்டு, காபனீரொட்சைட்டோடு சேர்ந்து கரையாத கல்சியம் காபனேற்றாகி வெள்ளை வெள்ளையாகப் படிகிறது. நம் குடாநாட்டின் சுண்ணக்கல்லும் அதே பொருள்தான்.

மெழுகுதிரியை ஏற்றி உள்ளே பிடித்துப் பார்ப்போமா என்று ஒருவர் கேட்டார். கிணற்றில் இறங்க முன் அப்படிப் பார்ப்பதுண்டு. இங்கே அதைச் செய்யவே கூடாது. எதிலீன் காற்றில் 2.7 சதவீதத்தைத் தொட்டால் வெடிக்கும். 100 பங்கு அளவுக்கும் அந்த எல்லைக்கும் 270 மடங்கு இடைவெளி இருக்கிறது, அளந்து ஊற்றுபவருக்குப் பயமில்லை. ஆனால் பாதிப் போத்தல் ஊற்றுபவரின் அறையில், வாளிக்கு மேலே வாயு கலக்காமல் நிற்கும் இடத்தில், சுடரோடு போவதற்கு யார் உத்தரவாதம்?

காய் மூச்சுவிடும் கணக்கு

வாழைக்காய் வெட்டிய பிறகும் உயிரோடு இருக்கிறது. ஒட்சிசனை எடுத்து, காபனீரொட்சைட்டையும் சூட்டையும் வெளியே தள்ளுகிறது. பழுக்கத் தொடங்கும்போது இந்த மூச்சு திடீரென்று பல மடங்கு கூடும். ஆப்பிளில் இந்த எழுச்சியை 1920களில் கேம்பிரிட்ஜில் கிட், வெஸ்ட் என்ற இருவர் அளந்து காட்டினார்கள். வாழையும் மாம்பழமும் பப்பாசியும் அதே இனம். தோடை, முந்திரிகை (திராட்சை), அன்னாசி போன்றவற்றில் இந்த எழுச்சி இல்லை, அதனால்தான் அவற்றைக் காயாக வெட்டி வைத்துப் பழுக்கவைக்க முடிவதில்லை.

நம் அறைக்கு வருவோம். குளிர்ச்சியான இடத்தில் பச்சை வாழைக்காய் ஒரு கிலோ மணிக்கு இருபது, முப்பது மில்லிகிராம் காபனீரொட்சைட்டு விடும். பத்துப் பாகை சூடு கூடினால் மூச்சு ஏறத்தாழ இரட்டிக்கும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் தகரக்கூரைக்குக் கீழே 30 பாகைக்கு மேல்தான் நிற்கும் என்பதால் தொடக்கத்துக்கே 50 மில்லிகிராம் என்று வைப்போம். 2,000 கிலோவுக்கு மணிக்கு 100 கிராம், அதாவது 56 லீற்றர். 20,000 லீற்றர் காற்றில் இது மணிக்கு 0.28 சதவீதம். மூன்றரை மணி நேரத்தில் ஒரு சதவீதத்தைத் தொட்டுவிடும். முற்றாக அடைத்துவைத்தால் ஒரு நாளில் ஏழு சதவீதத்தை நெருங்கும், ஒட்சிசன் 21இலிருந்து 14க்கு இறங்கும். பழுக்கும் எழுச்சி தொடங்கியபின் கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டினால் வேகம் இதன் இரட்டிப்பு. கதவிடுக்கால் கொஞ்சம் கசிகிறது என்று கழித்தாலும், றப்பர் பட்டி போட்டு அவ்வளவு அக்கறையாக அடைத்த அறை அது.

பழுக்கவைக்கும் அறைகளில் காபனீரொட்சைட்டை ஒரு சதவீதத்துக்குள் வைத்திருக்கவேண்டும் என்பது உலகெங்கும் இந்தத் தொழிலில் உள்ள விதி. காரணம் நேரடியானது. காயின் கலங்களில் எதிலீன் போய் ஒட்டும் இடத்திலேயே காபனீரொட்சைட்டு குறுக்கே நின்று அதன் வேலையைத் தடுக்கிறது. ஒரு கையால் பழுக்கச் சொல்லும் வாயுவை ஊட்டி, மறு கையால் அதைத் தடுக்கும் வாயுவைச் சேர்த்துக்கொண்டிருந்தார் வியாபாரி. தோலின் பச்சையம் சிதைவதையும் அதே வாயு பிந்தவைக்கும். கதவோரக் குலைகளுக்குக் கொஞ்சமாவது காற்று வந்தது, மஞ்சளாயின. நடுக்குவியலுக்கு வரவில்லை.

அப்படியானால் உள்ளே ஏன் குழைந்தது? அது சூட்டின் வேலை. கிலோவுக்கு 100 மில்லிகிராம் காபனீரொட்சைட்டு விடும் வாழைக்காய், தொன்னுக்கு ஏறத்தாழ 300 வாட் சூட்டையும் கூடவே வெளியிடுகிறது. இரண்டு தொன்னுக்கு 600 வாட். தகரக்கூரை மேலிருந்து சுட, குலைகள் உள்ளிருந்து சுட, காற்றோட்டம் இல்லாத நடுக்குவியல் வெளியைவிடப் பல பாகை ஏறிவிடும். அந்தச் சூட்டில் மாப்பொருள் சீனியாவதும் சதை இளகுவதும் விரைகின்றன, தோலின் நிறமாற்றம் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்குகிறது. பச்சைத்தோலுக்குள் குழைந்த பழம் என்ற விசித்திரம் இப்படித்தான் உண்டாகிறது. காம்பு கழன்று விழுவதும் இதன் கூட்டுப் பிறப்பு.

காபைட் காலத்தில் ஏன் இப்படி ஆகவில்லை என்ற அவரது நியாயமான கேள்விக்கும் விடை இதிலேயே இருக்கிறது. அன்று விறாந்தையில் படங்கு போட்டு மூடியிருந்தார். படங்குக்கு நாலு பக்கமும் இடுக்கு. காற்று தன்பாட்டில் வந்துபோயிற்று. கல் நல்லதென்பதால் பழம் வரவில்லை, படங்கு ஓட்டையாக இருந்ததால் வந்தது. அறையில் அவர் முதல் இரண்டு தடவை வெற்றி பெற்றதற்கும் காரணம் குறைந்த குலைகள்தான்.

ஒரு சுற்று வரலாறு

இந்த அறிவு எதுவும் ஒரே நாளில் வரவில்லை. வியாபாரத்தில் ஏற்பட்ட இழப்புகளும் ஆய்வுகூடத்துக் கவனிப்புகளும் மாறி மாறித் தள்ளித்தான் வந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய நகரத் தெருக்களில் நிலக்கரி வாயு விளக்குகள் எரிந்த காலம். வாயு கசிந்த இடங்களில் மரங்கள் இலையுதிர்த்தன. 1901இல் சென் பீற்றர்ஸ்பேர்க்கில் திமித்ரி நெல்யூபொவ், ஆய்வுகூட வாயு விளக்கினருகே வளர்ந்த பட்டாணி நாற்றுகள் நிமிராமல் படுத்து வளர்வதைக் கவனித்து, விளக்கு வாயுவிலிருந்த எதிலீன்தான் காரணம் என்று பிரித்துக் காட்டினார். 1910இல் யமேக்காவில் கசின்ஸ் என்ற விவசாய அதிகாரி, தோடம்பழத்தோடு ஒரே கப்பலில் வாழைக்குலை ஏற்றினால் வாழை வழியிலேயே பழுத்துவிடுகிறது என்று எச்சரித்தார்.

நம் புகைக்கிடங்குக்கு மிக நெருக்கமான கதை கலிபோர்னியாவில் நடந்தது. அங்கே எலுமிச்சையை மஞ்சளாக்க அறைக்குள் மண்ணெண்ணெய் அடுப்பு மூட்டுவார்கள். சூடுதான் மஞ்சளாக்குகிறது என்று நெடுங்காலம் நம்பினார்கள். அடுப்பின் புகையில் உள்ள வாயுதான் வேலை செய்கிறது என்று பின்னர் தெரியவந்தது. அதில் முக்கியமானது எதிலீன் என்று 1924இல் டென்னி நிறுவினார். பொச்சுமட்டைப் புகையிலும் சிறிதளவு எதிலீன் உண்டு. நம் முன்னோர் கைப்பழக்கத்தில் கண்ட வழிக்குள் சரியான வாயு இருந்தது. பழமே எதிலீனை உண்டாக்குகிறது என்பதை 1934இல் இங்கிலாந்தில் றிச்சட் கேன் உறுதிப்படுத்தியபிறகுதான் படம் முழுமையானது.

அசற்றலீனின் பாதை வேறு. 1892இல் அமெரிக்காவில் தோமஸ் வில்சன் அலுமினியம் மலிவாகச் செய்யும் வழி தேடி மின்னுலையில் சுண்ணாம்பையும் கரியையும் சுட்டபோது கல்சியம் காபைட்டு கிடைத்தது. விளக்குக்கும் பிறகு உலோகம் ஒட்டுவதற்கும் அது போயிற்று. பழத்துக்கு வந்தது, எதிலீனைப் போன்ற மூலக்கூறு என்பதால் காய் ஓரளவு ஏமாறும் என்பதற்காக. ஓரளவுதான். 1967இல் பேர்க் தம்பதியர் அளந்தபடி, எதிலீன் செய்யும் அதே வேலையைச் செய்ய அசற்றலீன் ஏறத்தாழ 2,800 மடங்கு வேண்டும். அதனால்தான் கல் கிலோக்கணக்கில் தேவைப்படுகிறது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். ஒரு கிலோ காபைட் சுமார் 300 லீற்றர் அசற்றலீன் தரும். அது காற்றில் 2.5 சதவீதம் சேர்ந்தாலே வெடிக்கும் எல்லை. இந்த 20 கன மீற்றர் அறைக்கு இரண்டு கிலோ கல் போட்டுப் பூட்டினால் அந்த எல்லையைத் தாண்டிவிடும். பிறகு ஒரு மின்குமிழ் ஆளியைத் தட்டினாலே போதும். எதொபோன் சரிவரவில்லை என்று கோபத்தில் பழைய கல்லைப் புதிய அறைக்குள் போட யாராவது நினைத்தால், தயவுசெய்து செய்யாதீர்கள். நான் அவசரப்பட்டு அந்தக் கடைக்கு ஓடியதற்கு முதற்காரணமே இந்தப் பயம்தான்.

திருத்தம்

நூல்களில் உள்ள செய்முறை, 12 மணி நேரத்துக்கு ஒருமுறை இருபது, முப்பது நிமிடம் கதவைத் திறக்கச் சொல்கிறது. அது 15 முதல் 18 பாகை வரை குளிரூட்டிய அறைக்கு எழுதியது. நம் சூட்டில், இந்த நிறை குலைக்கு, மேலே போட்ட கணக்குப்படி 12 மணி நேரத்தில் மூன்று சதவீதத்தைத் தாண்டிவிடும். வெளியூர்ச் செய்முறையை அப்படியே எடுத்தவர்கள் இங்கே அடிபடுவதற்குக் காரணம் இதுதான். ஆகவே நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று வைத்தோம்.

ஒவ்வொரு தடவையும் கதவைத் திறந்தால் விலைகொடுத்து வாங்கிய வாயு போய்விடாதா என்று வியாபாரி கவலைப்பட்டார். போகும்தான். ஆனால் உள்ளே வரும் புதுக்காற்று பழையதோடு கலந்தே வெளியேறுவதால், அறையின் கொள்ளளவு காற்றை ஒருமுறை மாற்றினாலும் பழைய காற்றில் 37 சதவீதம் உள்ளே மிஞ்சும். 100 பங்கு எதிலீன் 37 ஆகும், இரண்டாம் தடவை 14 ஆகும். இன்னும் பத்துக்கு மேல்தான். மூன்றாம் தடவை காற்று மாற்றியபின் மறுபடி 24 மில்லிலீற்றர் ஊற்றினால் போதும். பாதிப் போத்தல் ஒரே தடவையில் போன இடத்தில், முழுச் சுற்றுக்கும் அதில் ஒரு சிறு பங்குதான் செலவாகிறது.

காற்றை மாற்றச் சுவரின் அடிப்பக்கத்தில் எட்டு அங்குல வெளியேற்றும் விசிறி ஒன்றும், எதிர்ச்சுவரில் உயரத்தில் மூடித்திறக்கும் துவாரம் ஒன்றும் வைத்தோம். விசிறியின் ஆளி அறைக்கு வெளியே, எட்ட. வழமையான விசிறியின் மோட்டரும் பொறி தரக்கூடியது என்பதால், முதலில் கதவையும் துவாரத்தையும் திறந்து கொஞ்ச நேரம் விட்டபிறகே இயக்குவது என்று ஒழுங்கு வைத்தோம். எதொபோனைப் போத்தல் மூடியால் குத்துமதிப்பாக ஊற்றாமல், மருந்துக்கடையில் வாங்கிய ஊசியில்லாத சிறிஞ்சால் அளப்பது இன்னொரு ஒழுங்கு. கதவு திறந்து பத்து நிமிடம் ஆகாமல் யாரும் உள்ளே தலை நீட்டக்கூடாது என்பதை வியாபாரியே கதவில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினார். நான்கு சதவீதத்தைத் தாண்டிய காபனீரொட்சைட்டு ஆளுக்கே ஆபத்து. பெடியனுக்குத் தலை பாரித்ததை யாரும் ஒரு நோயாக எடுக்காமல் விட்டதுதான் இந்த நிகழ்வில் என்னை மிகவும் உறுத்தியது.

அப்புறம், 24 மணி நேரம் முடிந்ததும் எதிலீனை முற்றாக நிறுத்திவிடச் சொன்னேன். இதுதான் அவர் நம்ப மிகவும் கஷ்டப்பட்ட இடம். அடுப்பு பற்றியபின் தீக்குச்சியைப் பிடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஒரு நாள் தூண்டலிலேயே காய் தன் சொந்த எதிலீனை உண்டாக்கத் தொடங்கிவிடும், மிச்சத்தைத் திறந்த காற்றில் தானே முடிக்கும். புகைக்கிடங்கை மறுநாளே திறந்து குலையை நிழலில் தொங்கவிட்டவர்கள் இதைத்தான் செய்தார்கள். மஞ்சளாகும்வரை பூட்டிவைப்பது அறை வந்தபின் வந்த பழக்கம்.

அடுத்த ஏற்றத்தில் நிறம் நன்றாக ஏறியது. நடுக்குலைகளும் மஞ்சளாயின. ஆனால் உள்ளே இன்னும் தேவைக்கு மேல் இளகியிருந்தது, கடையில் ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. சூட்டைத் தொடாமல் காற்றை மட்டும் திருத்தியதன் விளைவு அது. குளிரூட்டி வைப்பதுதான் முழுத்தீர்வு. அதற்கான செலவையும் மின்கட்டணத்தையும் ஒரு சிறு வியாபாரி தனியே சுமப்பது கடினம். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணி நேரம் மின்சாரம் நின்றதை அனுபவித்தவர்கள், குளிர் அறைக்குள் முதல் போட முன் இரண்டு தரம் யோசிப்பதிலும் நியாயம் இருக்கிறது. பல வியாபாரிகள் சேர்ந்து ஒரு அறையை நடத்தினால் கணக்கு மாறும் என்று நினைக்கிறேன், சந்தைக்கு அருகில் அப்படியொன்று வரவேண்டும் என்பது என் விருப்பம். காபைட்டைப் பிடிக்கப் போகும் அதிகாரிகள் கல்லைப் பறிமுதல் செய்வதோடு, இந்தக் காற்றுமாற்றும் கணக்கையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால், அடுத்த வியாபாரி இதே நட்டத்தைப் படவேண்டியிருக்காது.

இவரால் முடிந்ததைச் செய்தார். தகரத்தின் மேல் கிடுகு வேய்ந்தார். குலைகளை மதியத்தில் ஏற்றாமல் விடியப்புறம், காய் இரவுக் குளிரோடு இருக்கும்போதே ஏற்றினார். இரண்டு தொன்னை ஒன்றேகால் தொன்னாகக் குறைத்தார். கடைசியாக, குலைகளைத் தரையிலிருந்து குவிப்பதை விட்டார். சீப்புச் சீப்பாக வெட்டி, பால் வடியவிட்டு, துளையுள்ள பிளாஸ்டிக் கூடைகளில் அடுக்கி, கூடைக்கும் சுவருக்கும் இடையே ஒரு சாண், வரிசைகளுக்கிடையே நாலு விரல் இடம் விட்டார். கீழே மரப்பலகை. அந்த ஏற்றத்தில் கதவோரக் கூடையையும் நடுக்கூடையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது நிறத்தில் வித்தியாசம் தெரியவில்லை, சீப்பைத் தூக்கியபோது பழம் கழலவும் இல்லை. கப்பல் மட்டும் கதலிக்கு ஒரு நாள் முன்பின்னாக வருகிறது. இப்போது ஒவ்வொரு இனத்தையும் தனித்தனியாக ஏற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.